சில்லறை தீர்ந்தபோது மண்ணைக் காசாக்கிய ஊர்கள்!

‘சில்லறை இல்லைங்க... ரெண்டு மிட்டாய் எடுத்துக்கோங்க!’

கடைகளில் க்யூஆர் கோடு அட்டை தொங்க ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்த வசனத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. ஒரு ரூபாய் பாக்கிக்கு ஒரு மிட்டாய், இரண்டு ரூபாய்க்கு இரண்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு எரிச்சல். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து, ‘இதை வெச்சுக்கிட்டு ஒரு தீப்பெட்டி குடுங்க’ என்றால் கடைக்காரர் வாங்குவாரா என்ன?

இதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கடையில் அல்ல, ஒரு நாடு முழுக்கச் சில்லறை தீர்ந்துபோகிறது. அரசாங்கத்தால் அடித்துக் கொடுக்க முடியவில்லை. உடனே ஒவ்வொரு ஊரும், ‘எங்களுக்கு என்ன செய்யத் தெரியுமோ அதையே காசாக்கிக்கொள்கிறோம்’ என்று இறங்குகிறது. பீங்கான் செய்யும் ஊர் பீங்கானில் காசு செய்கிறது. தோல் பதனிடும் ஊர் தோலில் செய்கிறது. நெசவு ஊர் துணியில் அச்சடிக்கிறது.

கற்பனை இல்லை. சுமார் 100 வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியில் நிஜமாகவே நடந்தது இது. அந்தக் காசுகளுக்கு ‘நோட்கெல்ட்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் ‘நோட்’ என்றால் நெருக்கடி, ‘கெல்ட்’ என்றால் பணம். நெருக்கடிப் பணம்! உலகம் முழுக்க நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் ஆசையாகத் தேடுவது, அதில் தங்கமோ வெள்ளியோ இருப்பதால் அல்ல. ஒவ்வொரு காசிலும் ஓர் ஊர் தன் தொழிலைப் பெருமையாகப் பதித்து வைத்திருப்பதால்தான்.

எம்டன் குண்டு போட்ட அதே நாட்களில்...

1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு, ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. நகரமே அலறியது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் நாம் பேசுவது அந்தக் கப்பலின் ஞாபகம்தான்.

நம்மை அப்படி நடுங்கவைத்த அதே ஜெர்மனியில், அதே நாட்களில், பெட்டிக்கடையில் ரொட்டி வாங்கச் சில்லறை கிடையாது. போர் தொடங்கியது என்ற செய்தி வந்ததுமே மக்கள் தங்கக் காசையும் வெள்ளிக் காசையும் பதுக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போயின. துப்பாக்கி ரவைக்கு உலோகம் வேண்டுமென்றால், சின்னக் காசு அடிக்க உலோகம் எங்கிருந்து வரும்?

தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும். டிராமில் டிக்கெட் வாங்க வேண்டும். அரசாங்கம் கையை விரித்ததும் நகராட்சிகளும், சேமிப்பு வங்கிகளும், ஆலைகளும், சுரங்கங்களும் தாங்களாகவே காசு வெளியிட ஆரம்பித்தன. முதலில் வெறும் காகிதச் சீட்டுகள். பிறகு இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் நாணயங்கள். ‘இந்தத் தேதிக்குள் எங்கள் அலுவலகத்தில் கொடுத்தால் நிஜப் பணம் தருகிறோம்’ என்ற வாக்குறுதிதான் அவற்றுக்குப் பின்னால் இருந்த ஒரே சொத்து.

தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லுக்குக் காசு, நேர்மை என இரண்டு அர்த்தமும் உண்டு. நோட்கெல்ட்டைப் புரிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதும். துத்தநாகத் துண்டுக்கு மதிப்பு கிடையாது. ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்குத்தான் மதிப்பு.

தங்கம் செய்யப் போனவர் செய்த மண் காசு

இந்தக் கூட்டத்தில் ராஜா, மைசன் ஊரின் பீங்கான் காசு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் இருக்கும் சின்ன ஊர் மைசன். அந்த ஊர்ப் பீங்கானின் கதையே ஒரு சினிமா.

1700-களின் தொடக்கம். யோஹான் ஃபிரிட்ரிஷ் பொட்கர் என்ற இளைஞர், தனக்கு ரசவாதம் தெரியும், மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லித் திரிந்தார். சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஆளைப் பிடித்துக் காவலில் வைத்து, ‘எங்கே, தங்கம் செய்’ என்று உட்காரவைத்துவிட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் சூளையில் மண்ணோடு போராடியதில், செம்பழுப்பு நிறத்தில் கல்லைப் போல இறுகிய ஒரு மண்பாண்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1708 வாக்கில் வெள்ளைப் பீங்கானும் வந்துவிட்டது. அதுவரை பீங்கான் என்றால் சீனாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். அரண்மனைகள் அதற்காகச் செலவழித்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. 1710-ல் மைசனில் பீங்கான் ஆலை தொடங்கியது. ஐரோப்பாவில் நிஜப் பீங்கான் செய்த முதல் ஆலை அதுதான். ‘வெள்ளைத் தங்கம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

கிட்டத்தட்ட 200 வருடங்கள் கழித்து, நாட்டில் காசடிக்க உலோகம் இல்லாத நேரம். அந்த ஆலை, பொட்கர் முதலில் கண்டுபிடித்த அதே செம்பழுப்பு மண்ணை எடுத்துக் காசு வார்த்தது. 1920, 1921-ம் ஆண்டுகளில் சாக்சனி மாநிலத்துக்காக 20 ஃபென்னிக் முதல் 20 மார்க் வரை பீங்கான் காசுகள் வந்தன. (100 ஃபென்னிக் சேர்ந்தது ஒரு மார்க். நம் பைசா, ரூபாய் மாதிரி.) ஆலையின் சிற்பி பால் பெர்னர் வடிவமைத்தார். சில காசுகளுக்குத் தங்க விளிம்பும் உண்டு. ஆலையின் முத்திரையான இரண்டு குறுக்கு வாள்கள் காசில் இருக்கும்.

தங்கம் செய்யச் சொல்லி அடைத்துவைக்கப்பட்ட மனிதரின் மண், கடைசியில் நிஜமாகவே பணமாகிவிட்டது. பொட்கர்தான் அதைப் பார்க்க இல்லை. 1719-லேயே இறந்துவிட்டார்.

தோலில் ஒன்று, பட்டில் ஒன்று

மைசனைப் பார்த்து மற்ற ஊர்கள் சும்மா இருக்குமா?

போஸ்னெக் என்ற ஊர், தோல் தொழிலுக்குப் பெயர்போனது. நம் வாணியம்பாடி, ஆம்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்புக்கு அடியில் வைக்கும் கெட்டித் தோலை வெட்டி, அதில் மதிப்பை அச்சுக்குத்தி வெளியிட்டது. கையுறை தைக்கும் ஊரான ஆஸ்டர்வீக், தன் மெல்லிய தோலில் பணம் அச்சிட்டது.

பீலஃபெல்ட், லினன் துணிக்குப் பேர்பெற்ற நெசவு ஊர். அந்த நகரத்துச் சேமிப்பு வங்கி லினனிலும், பட்டிலும், வெல்வெட்டிலும் பணம் வெளியிட்டது. சிலவற்றின் ஓரத்தில் லேஸ் கூடத் தைத்திருந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு வங்கி, பட்டுத்துணியில் ஜரிகை வைத்து ஐந்து ரூபாய் நோட்டு அடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். நிலக்கரித் தூளை அழுத்திச் செய்த காசுகள்கூட அந்தக் காலத்தில் வந்தன.

கைத்தொழில் இல்லாத ஊர்கள் தங்கள் கதையைப் போட்டன. எலிகளைக் குழலூதி அழைத்துப்போன கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும் அல்லவா? அந்தக் கதையின் ஊரான ஹாமலின், எலிபிடிப்பவர் படத்தைப் போட்டே பணம் அடித்தது.

சேகரிப்பவர் கையில் ஊரின் லாபம்

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான கணக்கு வருகிறது. ஒரு நகராட்சி 50 ஃபென்னிக் சீட்டு ஒன்றை அச்சிட ஆகும் செலவு மிகக் குறைவு. அதை ஒருவர் 50 ஃபென்னிக் நிஜப் பணம் கொடுத்து வாங்குகிறார். படம் அழகாக இருக்கிறதே என்று ஆல்பத்தில் வைத்துவிடுகிறார். திருப்பிக் கொடுக்கும் தேதி போய்விடுகிறது. அவருக்குத் தரவேண்டிய 50 ஃபென்னிக் ஊருக்கு மிச்சம்.

இதை மோப்பம் பிடித்த ஊர்கள் 1920 முதல் 1922 வரை புகுந்து விளையாடின. ஒரே கதையை ஆறு நோட்டாகப் பிரித்து, வரிசை வரிசையாக வெளியிட்டன. முழு வரிசையும் கிடைக்காவிட்டால் சேகரிப்பவருக்குத் தூக்கம் வருமா? கடைசியில், சில்லறைக்காகத் தொடங்கியது சில்லறைக்குச் சம்பந்தமே இல்லாமல் போனது. செலவழிக்க அல்ல, சேர்த்துவைக்கவே அச்சிட்ட பணம் அது. 1922-ல் ஜெர்மன் அரசு சட்டம் போட்டு இதை நிறுத்தப் பார்த்தது.

ஆனால் அடுத்த வருடமே நிலைமை கைமீறியது. விலைவாசி நாளுக்கு நாள் அல்ல, மணிக்கு மணி ஏறியது. 1923 நவம்பரில் பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை சுமார் 20,000 கோடி மார்க். எழுத்துப்பிழை இல்லை, கோடிதான்! அரசாங்க அச்சகத்தால் ஈடுகொடுக்க முடியாமல், ஊர்கள் மறுபடி தாங்களே நோட்டு அச்சிட்டன. இந்த முறை படம், கதை எல்லாம் இரண்டாம்பட்சம். பூஜ்ஜியம் போடவே இடம் போதவில்லை. 1923 நவம்பர் 15-ல் ‘ரென்டன்மார்க்’ என்ற புதுப் பணம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்கைக் கொடுத்தால் ஒரு புது மார்க்.

அந்த ஒரு வருடத்தில், வாழ்நாள் முழுக்க வங்கியில் சேர்த்த குடும்பங்களின் பணம் ஒரு ரொட்டிக்குக்கூடத் தேறாமல் போனது. இந்தக் காசுகளைக் கையில் எடுக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அழகான படம்தான். ஆனால் பெயரே நெருக்கடிப் பணம்.

நம் வீட்டு நெருக்கடிக் காசு

‘ஜெர்மனியில் நடந்தது இருக்கட்டும், நமக்கென்ன?’ என்கிறீர்களா? வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஓட்டைக் காலணா பார்த்திருக்கீங்களா?’ அவர்கள் முகமே மாறும்.

நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட அந்தச் செப்புநிறக் காசு, நம் நாட்டின் நெருக்கடிக் காசுதான். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் இங்கேயும் சில்லறை காணாமல் போனது. தேவைக்கு மேல் சில்லறை பதுக்கினால் குற்றம் என்று 1940-ல் பிரிட்டிஷ் அரசு உத்தரவே போட்டது. வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1943-ல் காலணாவின் நடுவே ஓட்டை விழுந்தது. பழைய காலணா 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டைக் காலணா சுமார் 2 கிராம். மிச்சம் பிடித்த உலோகம் போர்க்களத்துக்கு! பம்பாய், கல்கத்தா அக்கசாலைகள் போதாமல் லாகூரில் புதிதாக ஒன்று திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் நமக்காக ஓட்டைக் காலணா அடித்தார்கள்.

அப்போதும் போதவில்லை. மோர்வி, நவநகர், ஜூனாகத், பிகானேர், பூந்தி போன்ற சமஸ்தானங்கள் கெட்டி அட்டையில் சின்னச்சின்னச் சீட்டு அடித்துக் காசாகப் புழங்கவிட்டன. ஜெர்மனி ஊர்கள் செய்ததேதான். இலங்கையில் இன்னும் சாமர்த்தியம். 1942-ல் வந்த 5 சத நோட்டின் நடுவே, தபால்தலை கிழிப்பதற்கு இருப்பதுபோல் துளைகள் இருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம்!

ரொம்பப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2007-ல் கிழக்கிந்தியாவில் நாணயத் தட்டுப்பாடு. நம் ஒரு ரூபாய் நாணயங்களைக் கடத்திக்கொண்டுபோய் உருக்கி சவர பிளேடு செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது அஸ்ஸாமில் சில தேயிலைத் தோட்டங்கள் தொழிலாளர்களுக்கு அட்டைத் துண்டுகளைச் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்தன. அட்டைக்குப் பதில் தேயிலைத் தூளை அழுத்திக் கொடுத்திருந்தால், அச்சு அசல் நோட்கெல்ட்தான்.

நெல்லிக்குப்பத்தின் மிட்டாய்க் காசு

இப்போது முதலில் சொன்ன மிட்டாய்க்கு வருவோம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கிறது நெல்லிக்குப்பம். ரயிலில் போனால் ஊர் வரும் முன்பே சர்க்கரை ஆலை வாசனை வந்துவிடும். பாரி நிறுவனம் 1840-களில் தொடங்கிய ஆலை அது. இந்தியச் சர்க்கரை ஆலைகளின் வரலாறு எழுதினால் முதல் அத்தியாயத்தில் வரும் ஊர். கரும்பு இருந்தால் சர்க்கரை, சர்க்கரை இருந்தால் மிட்டாய். ‘பாரீஸ்’ மிட்டாய் ஆலையும் இங்கேயே வந்தது. பிறகு அது தென்கொரியாவின் லோட்டே நிறுவனத்தின் கைக்குப் போனது.

காஃபி பைட், லாக்டோ கிங் என்று தமிழ்நாட்டுக் கல்லாப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் பாட்டில் பாட்டிலாக நின்ற மிட்டாய்கள் ‘பாரீஸ்’ பெயரில் வந்தவைதான். சில்லறைக்குப் பதிலாக நம் கையில் விழுந்ததும் பெரும்பாலும் அதுபோன்ற மிட்டாய்தான். யோசித்துப் பார்த்தால், எந்த நகராட்சியும் தீர்மானம் போடாமலேயே நெல்லிக்குப்பம் ஒரு நெருக்கடிக் காசு வெளியிட்டிருக்கிறது. மைசன் மண்ணை நீட்டியது, போஸ்னெக் தோலை நீட்டியது, நெல்லிக்குப்பம் இனிப்பை நீட்டியது. ஒரே வித்தியாசம், மைசன் காசைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைத்தது. நம் மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் முறைப்புதான் கிடைத்தது. 2016-ல் யுபிஐ வந்து, மெல்ல மெல்ல அந்த மிட்டாய்க்கும் வேலை போய்விட்டது.

இதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலியும் இருக்கிறது. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்த மண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டதில் தொடங்கிய கதை. 1956-ல் நிறுவனம் உருவாகி, 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரியை வெட்ட ஜெர்மனியிலிருந்து ராட்சத சக்கர இயந்திரங்கள் வந்தன. ஏனென்றால் பழுப்பு நிலக்கரி வெட்டுவதில் கைதேர்ந்த நாடு ஜெர்மனி. அந்தக் கரியைப் பக்குவம் செய்து ‘லீகோ’ என்ற பெயரில் விற்றதும், கேஸ் அடுப்பு வருவதற்கு முன் பல வீடுகளில் அது எரிந்ததும் அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கரிக்கு மேலே இருக்கும் மண் அடுக்குகளில் நல்ல களிமண்ணும் உண்டு. அந்த மண் கிடைக்கிறது என்பதால்தான் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் அங்கே இருக்கிறது. கொலு பொம்மை, அகல் விளக்கு, டீ கப், மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் குப்பி என்று விருத்தாசலத்துக் கைகள் செய்யாதது இல்லை. நம் ஊரின் மைசன்!

ஆனால் மைசன் என்றால் உலகத்துக்கே தெரிகிறது. விருத்தாசலம் பொம்மையை நவராத்திரிக்குப் படியில் வைக்கும் நமக்கே, அது எந்த ஊர் மண், எந்த ஊர்ச் சூளை என்று பல நேரம் தெரியாது. பொம்மையின் அடியில் ஊர் பெயர் இருக்காது. குறுக்கு வாள் மாதிரி ஒரு முத்திரை இருக்காது. நோட்கெல்ட் செய்தது அந்த ஒரு வேலையைத்தான். சின்ன ஊர்கூட, ‘இதைச் செய்தது நாங்கள்’ என்று தன் பெயரைத் தன் பொருளின் மேலேயே பொறித்தது. வறுமையில் பிறந்த காசு. ஆனால் கைத்தொழிலுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. 300 வருடங்களைத் தாண்டி மைசன் ஆலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று நம்மிடம் அதற்குச் சமமாக இருப்பது புவிசார் குறியீடு. பத்தமடைப் பாய், திண்டுக்கல் பூட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பவானி ஜமக்காளம் எல்லாம் அதை வாங்கியிருக்கின்றன. பொருளோடு ஊர் பெயரும் வாங்குபவர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் குறியீட்டுக்கு உயிர்.

நீங்களும் சேர்க்கலாம், ஆனால்...

பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை யாரும் தொடங்கக்கூடிய பொழுதுபோக்கு இது. சில விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பரணில், சாமி அலமாரியில், பாட்டியின் சுருக்குப்பையில் ஓட்டைக் காலணா இருக்கலாம். நம் அரசும் கைத்தொழிலைக் கொண்டாடிக் காசு வெளியிட்டிருக்கிறது. 2007-ல் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பொன்விழாவுக்கு 5 ரூபாய் நாணயம், 2013-ல் கயிறு வாரியத்தின் வைரவிழாவுக்கு 10 ரூபாய் நாணயம். கிடைக்கும் சில்லறையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பர்ஸில் போடுங்கள்.

ஜெர்மன் காசு வாங்கினால், காகித நோட்டு வரிசைகளில் தொடங்குவது நல்லது. சேகரிப்பவர்களுக்காகவே ஏராளமாக அச்சிட்டவை என்பதால் சாதாரண வரிசைகள் அபூர்வம் இல்லை. ‘உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பட்டு, வெல்வெட், தங்க விளிம்பு வைத்த பீங்கான் ஆகியவைதான் அரிது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, சுங்க வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மைசன் ஆலை, காசைப் போலவே இருக்கும் பீங்கான் பதக்கங்களையும் நிறையச் செய்திருக்கிறது. மார்க் அல்லது ஃபென்னிக் என்று மதிப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பதக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கிடைத்ததும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பூஜைப் பாத்திரத்துக்குச் செய்யும் மரியாதையை நாணயத்துக்குச் செய்தால் அதன் மதிப்பே போய்விடும். துத்தநாகக் காசுக்கு ஈரம் ஆகாது, வெள்ளை பூத்துவிடும். தோலுக்குப் பூஞ்சை எதிரி, பட்டுக்கு வெயில் எதிரி. கடலூர் போன்ற கடற்கரை மாவட்டம் என்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள். பிவிசி கவர்களில் உலோகக் காசை வருடக்கணக்கில் வைக்க வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் காசை அரிக்கும்.

நம் ஊர்ப் பழங்காசு என்றால் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 100 வருடங்களைத் தாண்டிய நாணயம், 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. வீட்டு விழாவுக்கு டோக்கன் அடிப்பது வேறு. காசு மாதிரி உலோகத்தில் அடித்துப் பணமாகப் புழங்கவிட்டால் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். ஜெர்மன் ஊர்கள் செய்ததை நாம் இங்கே செய்ய முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ‘இந்தப் பழைய 5 ரூபாய் நோட்டு உங்களிடம் இருந்தால் லட்சாதிபதி ஆகலாம்’ என்ற வீடியோக்கள் உங்கள் போனிலும் வந்திருக்கும். ஆசைப்பட்டு அழைத்தால், முதலில் பதிவுக்கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன் என்று பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடக் காட்டுவார்கள். பழைய நோட்டு, நாணயங்களை வாங்கி விற்க எந்தக் கட்டணமும் தாங்கள் வாங்குவதில்லை, வாங்க யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். விற்பவரே முதலில் பணம் கட்டவேண்டும் என்று எந்த நேர்மையான வியாபாரமும் கேட்காது.

நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு அருமையான இடம். மும்பை போனால் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகத்துக்கும் ஒரு எட்டுப் போய்வாருங்கள்.

ஒரு வீட்டுப்பாடம்

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் போனோடு உட்கார்ந்திருந்தால், ஒரு வட்டமான அட்டையை வெட்டிக் கொடுங்கள். ‘நம்ம ஊருக்கு ஒரு காசு வரை’ என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் ஊர் பெயர், மறுபக்கம் ஊரின் தொழில். பண்ருட்டிக் குழந்தை பலாப்பழமும் முந்திரியும் வரையும். நெல்லிக்குப்பத்துக் குழந்தை கரும்பு வரையும். நெய்வேலிக் குழந்தை சக்கர இயந்திரம் வரையும். விருத்தாசலத்துக் குழந்தை பொம்மை வரையும்.

வரைவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்து, ‘நம்ம ஊர்ல என்னதான் செய்யறாங்க?’ என்று குழந்தை கேட்டால், அதுதான் உங்களுக்கான கேள்வி. பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால், இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பட்டறைக்கோ சூளைக்கோ ஒரு நடை போய் வாருங்கள். போகும்போது கொஞ்சம் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அகல் விளக்காவது வாங்கிவரலாம்.